பட்டனை அழுத்தியும் ஓடாத ஒர்க்ஃப்ளோ: ஏழு வாரமாகத் தீராத புகார்

பெறுநர்: வாடிக்கையாளர் சேவைப் பிரிவின் தலைமை அலுவலர் அவர்கள்

பொருள்: ஆப்பில் உள்ள பட்டன் ஒர்க்ஃப்ளோவை (அடுத்தடுத்த வேலைகளைத் தானாகச் செய்யும் ஏற்பாட்டை) தொடங்காதது, உங்கள் சேவைப் பிரிவு எங்களை அலைக்கழித்தது குறித்து

மதிப்பிற்குரிய ஐயா / அம்மையீர்,

வணக்கம். இந்த விஷயத்துக்காக இதுவரை ஐந்து புகார் டிக்கெட் போட்டுவிட்டேன். ஐந்தும் 'தீர்க்கப்பட்டது' என்று மூடப்பட்டுவிட்டன. எதுவும் தீரவில்லை. அதனால் இந்த முறை நேராக உங்களுக்கே எழுதுகிறேன். பொறுமையாகப் படிக்கும்படி கேட்டுக்கொள்கிறேன்.

எங்கள் அலுவலகத்தில் 26 பேர். நான் கணக்குப் பிரிவில் இருப்பவள், புரோகிராமர் இல்லை. கோடிங் தெரியாமலே ஆப் செய்யலாம் என்று நீங்கள் சொன்னதை நம்பித்தான் இறங்கினேன். பொருள் வாங்கக் கோரிக்கை வைப்பவர் படிவத்தை நிரப்பி 'ஒப்புதலுக்கு அனுப்பு' என்ற பட்டனை அழுத்த வேண்டும். உடனே ஒர்க்ஃப்ளோ தொடங்கி, பட்டியலில் ஒரு வரி சேர்த்து, மேலாளருக்கு மெயில் அனுப்பி, அவர் சரி என்றதும் வாங்குதல் பிரிவுக்கு ஆர்டரை அனுப்ப வேண்டும். இவ்வளவுதான். நான் அழுத்தினால் எல்லாம் நடந்தது. மற்ற 25 பேரில் யார் அழுத்தினாலும் ஒன்றும் போகவில்லை. ஆனால் திரையில் 'அனுப்பப்பட்டது' என்று மட்டும் வந்தது. அந்தச் செய்தி நான் எழுதியது இல்லை, நீங்கள் தயாராகத் தந்த மாதிரி ஆப்போடு (டெம்ப்ளேட்டோடு) வந்தது. அதை நம்பி எல்லோரும் ஒப்புதலுக்காகக் காத்துக்கொண்டிருந்தார்கள்.

போனில் மூன்றாவதாகப் பேசியவரைப் பற்றிச் சொல்லியே ஆக வேண்டும். நான் பிரச்சினையைச் சொல்லி முடிக்கும் முன்பே, "ரன் ஹிஸ்டரியில் ஒன்றும் இல்லையே மேடம், உங்க ஆளுங்க அழுத்தியே இருக்க மாட்டாங்க. பட்டனை ஒழுங்கா அழுத்தச் சொல்லுங்க" என்றார். ரன் ஹிஸ்டரி என்பது ஒர்க்ஃப்ளோ ஓடியதன் பதிவு. தொடங்காத ஒர்க்ஃப்ளோவுக்கு அது எங்கிருந்து வரும்? கம்பி அறுந்த அழைப்பு மணியை அழுத்தினால் வீட்டுக்குள் சத்தம் கேட்காது. அதற்காக வாசலில் யாருமே வரவில்லை என்று சொல்லிவிட முடியுமா? என் சக ஊழியர் ஒருவர் அழுத்துவதை வீடியோ எடுத்து அனுப்பினேன். திறந்துகூடப் பார்க்காமல் டிக்கெட்டை மூடினார். வயதில் மூத்த அந்தச் சக ஊழியரை, பட்டன் அழுத்தத் தெரியாதவர் என்று உங்கள் ஆள் சொன்னதை என்னால் மறக்க முடியவில்லை. ஸ்பீக்கரில் பேசியதால் அந்தச் சக ஊழியரும் அதைக் கேட்டுவிட்டார். அன்று முழுக்க அவர் யாரிடமும் பேசவில்லை.

அதற்கும் முன்னால் ஒரு நாள், "லேப்டாப்பை எடுத்துக்கொண்டு நேரில் வாருங்கள்" என்று உங்கள் ஆள் சொன்னதால் விடுப்பு போட்டு வந்தேன். மூன்று மணி நேரம் உட்கார வைத்தார்கள். கடைசியில் ஒருவர் வந்து, "இங்கே விற்பனை மட்டும்தான், சர்வீஸ் எல்லாம் ஆன்லைன்ல" என்றார். இதை முதலிலேயே சொல்லியிருக்கலாம் இல்லையா?

நான்காவதாகப் பேசிய பெண் ஐந்தே நிமிடத்தில் காரணத்தைச் சொன்னார். அவருக்கு என் நன்றி. ஆப்பைப் பகிர்ந்தால் அதன் பின்னால் இருக்கும் ஒர்க்ஃப்ளோவும் சேர்ந்து பகிரப்படாதாம். அழுத்துபவரின் கணக்குக்கு அதை ஓட்டும் அனுமதி தனியாகத் தர வேண்டும், மெயிலையும் பட்டியலையும் ஒர்க்ஃப்ளோ பயன்படுத்த அவரவர் கணக்கில் கனெக்‌ஷன் இருக்க வேண்டும். எல்லாம் என் பெயரில் இருந்ததால்தான் எனக்கு மட்டும் ஓடியது. சரி, ஏற்றுக்கொள்கிறேன். ஆனால் இது உங்கள் பொருள், உங்களுக்குத் தெரியாதா? அனுமதி இல்லை என்றால் திரையில் 'அனுமதி இல்லை' என்று சொல்ல வேண்டாமா? ஐந்து நிமிட விஷயத்தைச் சொல்ல ஐந்து வாரம் எதற்கு?

அப்புறமும் முடியவில்லை. படிவத்தில் 'அவசரம்' என்று ஒரு கட்டம் சேர்த்து, ஒர்க்ஃப்ளோவிலும் அந்த உள்ளீட்டைச் சேர்த்தேன். பட்டன் பழைய உள்ளீடுகளையே அனுப்பிக்கொண்டிருந்தது. ஒர்க்ஃப்ளோவை ஆப்பிலிருந்து நீக்கி, மறுபடி சேர்த்து, மறுபடி பப்ளிஷ் செய்ய (புது வடிவத்தை எல்லோருக்கும் வெளியிட) வேண்டும் என்று நானே தடவித் தடவிக் கண்டுபிடித்தேன். அதைச் செய்த பிறகும், ஆப்பை மூடாமல் வைத்திருந்தவர்களுக்குப் பழைய வடிவமே ஓடியது.

இரட்டை ஆர்டர் பிரச்சினையை மேலே சொல்ல விட்டுவிட்டேன். அனுமதி கொடுத்த முதல் வாரமே அது நடந்தது. ஒர்க்ஃப்ளோ மெதுவாக ஓடும்போது திரையில் எந்த மாற்றமும் தெரியவில்லை. போகவில்லை என்று நினைத்து மக்கள் மறுபடி அழுத்தினார்கள். ஒவ்வொரு அழுத்தலும் தனி ஓட்டம், தனி ஆர்டர். ஒரே பொருள் இரண்டு தடவை வந்து இறங்கியது. ஒருமுறை அழுத்தியதும் வேலை முடியும்வரை பட்டன் செயலிழக்க வேண்டும் என்பது உங்கள் டெம்ப்ளேட் செய்தவருக்குத் தோன்றவில்லையா?

இந்த ஏழு வாரத்தில் எங்கள் அலுவலகமே ஸ்தம்பித்துப்போனது. பத்து வருடமாக நான் சம்பாதித்த நல்ல பெயர் முழுதும் போய்விட்டது. பழைய காகிதப் படிவமே போதும் என்று எல்லோரும் என் முகத்துக்கு நேராகச் சொல்கிறார்கள்.

தயவுசெய்து எங்களுக்கென்று ஒரு பொறுப்பான ஆளை நியமியுங்கள். ஒர்க்ஃப்ளோ தொடங்காவிட்டால் திரையில் பிழை காட்டும்படி டெம்ப்ளேட்டை மாற்றுங்கள். பயன்படாத இந்த ஏழு வாரத்துக்கான சந்தாவைத் திருப்பித் தாருங்கள். என் சக ஊழியரை அவமதித்தவர் அவரிடம் போனில் மன்னிப்பு கேட்க வேண்டும், இதில் நான் விட்டுக்கொடுக்க மாட்டேன். 15 நாட்களுக்குள் எழுத்துப்பூர்வமான பதில் வராவிட்டால், எல்லா டிக்கெட் எண்களையும் மெயில்களையும் எடுத்துக்கொண்டு நுகர்வோர் குறைதீர் ஆணையத்துக்குப் போவேன். அந்த நிலைக்குப் போக எனக்கு விருப்பமில்லை. ஒழுங்காக ஓடிய நாட்களில் உங்கள் ஆப் எங்கள் வேலையைப் பாதியாகக் குறைத்தது, அதனால்தான் இன்னும் விடாமல் எழுதிக்கொண்டிருக்கிறேன்.

வீடியோவை மறுபடியும் இணைத்திருக்கிறேன். இந்த முறை திறந்து பாருங்கள்.

இப்படிக்கு,
உங்கள் சந்தாதாரர்