தமிழ் மாணவர் சங்கம்: செயலாளரின் ஆண்டறிக்கை

தலைவர், செயலவையினர், உறுப்பினர்கள் அனைவருக்கும் வணக்கம்.

வாசிப்பு வட்டம், விளையாட்டு நாள், புதிய மாணவர் வரவேற்பு ஆகியவை திட்டப்படி நடந்தன. கணக்கைப் பொருளாளர் படிப்பார். இரண்டு பணிகளை மட்டும் விரிவாகப் பதிகிறேன். மூத்த மாணவர்கள் மூன்று நான்கு ஆண்டில் பட்டம் பெற்றுப் போகும்போது வேலை தெரிந்த கைகளும் போய்விடுகின்றன. அதனால் இவை எழுத்தில் இருக்க வேண்டும்.

முதலாவது, வாடகை அறை. கோலாலம்பூர் மலாயாப் பல்கலைக்கழக விடுதிகளில் இடம் கிடைக்காதவர்கள் கெரிஞ்சி, பந்தாய் டாலாம், பெட்டாலிங் ஜெயா பிரிவு 17 பக்கம் தேடுகிறார்கள். வழக்கமாக இரண்டு மாத முன்பணம், தண்ணீர் மின்சாரத்துக்கு அரை மாதம், முதல் மாத வாடகை என்று கேட்பார்கள். 600 வெள்ளி (ரிங்கிட்) அறைக்கு 2,100 வெள்ளி கையில் வேண்டும். கல்விக் கடன் அதற்குள் வந்துவிடும் என்று எண்ணி யாரும் வாக்குக் கொடுக்க வேண்டாம். அறையை நேரில் பார்க்காமல் பணம் போடக்கூடாது. முத்திரை வரி கட்டாத ஒப்பந்தம் வழக்கு என்று வந்தால் சான்றாகாது. குடிபுகும் நாளிலேயே மீட்டர் எண், சுவர்க்கறை, மெத்தை எல்லாவற்றையும் படம் எடுத்து வீட்டுக்காரருக்கு அனுப்பிவிடுங்கள். ஏர்கோன் (குளிர்சாதனம்) கழுவும் செலவு யாருடையது என்பதையும் ஒப்பந்தத்தில் எழுதிக் கேளுங்கள். முன்பணம் திரும்ப வரும்போது தகராறு பெரும்பாலும் அதில்தான்.

இரண்டாவது, வளாகப் பொங்கல். எரிவாயு அடுப்பில் அலுமினியச் சட்டி வைத்தால் வேலை எளிது என்று சிலர் சொன்னார்கள். முதலாண்டு மாணவர் பலர் அடுக்குமாடி வீட்டில் வளர்ந்தவர்கள். விறகும் மண்பானையும் அவர்களுக்கு இங்கேதான் கிடைக்கின்றன. அதை விடக்கூடாது என்பதே என் உறுதியான கருத்து.

புதுப்பானையை முதல்நாள் முழுக்கத் தண்ணீரில் ஊறவைத்து, பிறகு அதில் கஞ்சித் தண்ணீரைச் சிறுதீயில் கொதிக்கவிட வேண்டும். சூடேறிய பானையில் பச்சைத் தண்ணீர் ஊற்றினால் விரிசல் விடும். பக்கத்தில் வெந்நீர் தயாராக இருக்கட்டும். பச்சரிசி நான்கு பங்குக்குப் பாசிப்பருப்பு ஒரு பங்கு. பாலும் தண்ணீரும் பானையில் முக்கால் அளவு இருந்தால்தான் பொங்கி வழியும். வெல்லத்தைத் தனியே கரைத்து, மண் போக வடிகட்டி, அரிசி குழைந்த பிறகே சேர்க்க வேண்டும். முன்கூட்டியே போட்டால் அரிசி வேகாமல் விறைத்து நிற்கும், பாலும் திரியும்.

புல்தரையில் நேராகத் தீ மூட்டக்கூடாது. தகரம் விரித்து, மணல் பரப்பி, அதன்மேல் செங்கல் அடுப்பு. விறகை முதல்நாளே கூரைக்கடியில் அடுக்க வேண்டும். ஈர விறகு புகையைத்தான் தரும். கோலாலம்பூரில் மழை பெரும்பாலும் பிற்பகலில் வரும், ஆகவே காலை எட்டு மணிக்குள் தீ மூட்டுவது நல்லது. திறந்தவெளியில் தீ என்பதால் தீயணைப்புக் கருவி எங்கே நிற்கும் என்பதை அனுமதிக் கடிதத்திலேயே குறிப்பிடுங்கள்.

கரும்பு, மாவிலை, மஞ்சள் கொத்துக்குக் கோலாலம்பூரின் லிட்டில் இந்தியாவான பிரிக்ஃபீல்ட்ஸ் போதும். யுனிவர்சிட்டி எல்ஆர்டி (இலகு ரயில்) நிலையத்திலிருந்து கேஎல் சென்ட்ரல் போய் நடந்துவிடலாம். கரும்புக்கட்டுக்கு மட்டும் வண்டி வேண்டும்.

வரும் ஆண்டு முதல் ஒவ்வொரு பொறுப்பாளருக்கும் முதலாண்டு மாணவர் ஒருவரைத் துணைப் பொறுப்பாளராக நியமிக்க வேண்டும் என்ற தீர்மானத்தை இக்கூட்டத்தில் முன்மொழிகிறேன்.

செயலாளர்