அயோத்திதாசர் தத்துவ வகுப்புக்குள் வரட்டும்

ஆசிரியருக்கு வணக்கம்.

தத்துவத் துறைகளில் மாணவர் சேர்க்கை குறைந்துவருவது பற்றித் தங்கள் இதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். வேலைவாய்ப்பு இல்லாததே காரணம் என்று முடித்துவிட்டார் கட்டுரையாளர். ஆர்வத்தோடு வருகிறவர்களை நாம் வாசலிலேயே திருப்பி அனுப்புவதையும் அவர் சொல்லியிருக்க வேண்டும்.

பள்ளியில் சமஸ்கிருதம் படிக்க விரும்பிய அம்பேத்கருக்குச் சாதியின் பெயரால் அது மறுக்கப்பட்டது. பாரசீகம்தான் படிக்க முடிந்தது. இன்று அவ்வளவு வெளிப்படையாக யாரும் மறுப்பதில்லை. ஆய்வுத் தலைப்பில் கைவைக்கிறார்கள். என் மாணவி ஒருவர், பட்டியல் சாதியைச் சேர்ந்தவர், குடும்பத்தில் முதல் பட்டதாரி. தலித் சிந்தனையாளரும் தமிழ்ப் பௌத்தருமான அயோத்திதாசர் எதைச் சான்றாக ஏற்கிறார், எதைத் தள்ளுகிறார், வழக்காற்றிலிருந்து வரலாற்றை எப்படி நிறுவுகிறார் என்று முனைவர் பட்டத்துக்கு ஆராய விண்ணப்பித்தார். எது அறிவு, எது சான்று என்று ஆராயும் அளவையியலின் அசலான கேள்வி அது. நேர்காணலில் முதல் பக்கத்தோடு கோப்பை மூடி, மேசையில் அவர் பக்கமாகத் தள்ளிவிட்டு, "இது சமூகவியல், அங்கே போங்கள்" என்றார்களாம். இதே கேள்வியை அத்வைதி சங்கரரைப் பற்றிக் கேட்டிருந்தால் தத்துவம் என்று ஏற்றிருப்பார்கள். அந்தப் பெண் தத்துவத்தையே விட்டுவிட்டார். எனக்கு இன்றும் ஆறவில்லை.

கோட்பாடு வகுப்பவர்கள் ஒரு பக்கம், தரவு மட்டும் தரும் தலித்துகள் மறு பக்கம் என்று சமூக அறிவியல் பிளவுபட்டுக் கிடப்பதை அரசியல் அறிஞர் கோபால் குரு 2002இல் 'எகனாமிக் அண்ட் பொலிட்டிகல் வீக்லி' ஆய்விதழில் எழுதினார். தத்துவத் துறையில் இது இன்னும் கடுமை. இங்கே கோட்பாட்டைத் தவிர வேறு வேலையே இல்லையே!

நெட் தேர்வின் தத்துவப் பாடத்திட்டத்தில் அம்பேத்கர், ஜோதிபா பூலே, நாராயண குரு, திருவள்ளுவர் ஆகியோர் இடம்பெற்றிருப்பது மகிழ்ச்சி. ஆனால், வினாத்தாள் ஆங்கிலத்திலும் இந்தியிலும் மட்டுமே வருகிறது. தமிழ்வழியில் படித்த பிள்ளை திருவள்ளுவரைப் பற்றிய கேள்வியைக்கூட வேற்றுமொழியில்தான் எதிர்கொள்ள வேண்டும். கல்லூரி ஆசிரியர் பணிக்கான தகுதித் தேர்வு அது. முதல் தலைமுறை மாணவர்கள் பலர் அங்கேயே நின்றுவிடுகிறார்கள்.

பல்கலைக்கழக மானியக் குழு அந்த வினாத்தாளைத் தமிழிலும் தர வேண்டும். 1907இல் 'ஒரு பைசாத் தமிழன்' இதழைத் தொடங்கி அயோத்திதாசர் எழுதிக் குவித்தவற்றிலிருந்து தேர்ந்தெடுத்து, நம் பல்கலைக்கழகங்கள் முதுகலை அளவையியல் தாளிலேயே பாடமாக வைக்க வேண்டும். விருப்பப் பாடமாக ஒதுக்கிவிடக் கூடாது. ஆய்வுத் தலைப்பை "இது தத்துவம் அல்ல" என்று நிராகரிக்கும் குழு, அதற்கான காரணத்தை எழுத்தில் கொடுத்துக் கையெழுத்திட வேண்டும்.

ஓய்வுபெற்ற தத்துவப் பேராசிரியை,
மதுரை.