கச்சேரிமேட்டில் எங்கள் எதிரே நின்ற காவலர்களுக்கு

வணக்கம்.

அன்றைக்கு அரூர் கச்சேரிமேட்டில், காவல் நிலையச் சாவுகளைக் கண்டித்து நாங்கள் கோஷம் போட்டுக்கொண்டிருந்தபோது, தடுப்புக்கு அந்தப் பக்கம் லத்தியை இரண்டு கையாலும் குறுக்கே பிடித்துக்கொண்டு நின்றீர்களே, உங்களுக்குத்தான் இந்த மடல். எஸ்.பி.க்கும் கலெக்டருக்கும் மனு கொடுத்தாயிற்று. ஆனால் உள்ளே ஒரு ஆளை அடிக்கும்போது பக்கத்து அறையில் இருப்பவர்கள் நீங்கள்தான். பாராவில் நிற்பவர், ரைட்டர், வயர்லெஸ் பார்ப்பவர், டீ வாங்கிக்கொண்டு உள்ளே வருபவர். அந்தச் சத்தம் முதலில் விழுவது உங்கள் காதில்.

வெயில் மண்டையைப் பிளந்தது. இருநூறு பேர் இருப்போம். சித்தேரி மலையிலிருந்து காலை பஸ்ஸுக்கே இறங்கி வந்தவர்கள், காலேஜ் பிள்ளைகள், கருப்புக் கோட்டோடு அப்படியே வந்துவிட்ட வக்கீல்கள் சிலர். ஒரு பாட்டி தலை சுற்றித் தார்ரோட்டிலேயே உட்கார்ந்துவிட்டார். உங்களில் ஒரு பெண் காவலர் வந்து, தன் பாட்டில் தண்ணீரைக் கொடுத்து, பாட்டியின் புடவைத் தலைப்பை எடுத்து அவர் தலையிலேயே போர்த்திவிட்டு, மறுபடி போய் வரிசையில் நின்றுகொண்டார். அவர் சட்டையில் பெயர்ப்பட்டை இருந்தது, படித்தேன். இங்கே எழுதினால் அவருக்கு ஏதாவது தொந்தரவு வருமோ என்று பயமாக இருக்கிறது, அதனால் எழுதவில்லை.

அப்புறம் வேனில் ஏற்றி ஒரு கல்யாண மண்டபத்தில் கொண்டுபோய் வைத்தீர்கள். பெயர், அப்பா பெயர், ஊர் எழுதிக்கொண்டு, மத்தியானம் தக்காளி சாதம் கொடுத்து, சாயங்காலம் விட்டுவிட்டீர்கள். யார் மேலும் கை வைக்கவில்லை, ஒரு கெட்ட வார்த்தை இல்லை. அதையும் பார்க்கிறவர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டுதான் இருக்கிறேன். கை கழுவும் இடத்தில் ஒரு இளம் காவலர், இருபத்தைந்து வயது இருக்கும், மெதுவாகக் கேட்டார்: “ஏண்ணா, நாங்க எல்லாரும் கொலைகாரங்களா? ஐயா சொல்றாரு, மூணு நாள்ல திருடுபோன பொருள ரெக்கவரி காட்டணும்னு. நாங்க என்ன பண்றது?”

எனக்குச் சட்டென்று பதில் வரவில்லை. “அப்படி இல்ல தம்பி” என்று மட்டும் சொன்னேன். வீட்டுக்கு வந்தும் அந்தக் கேள்வி விடவில்லை. இப்போது சொல்கிறேன்.

தம்பி, நீங்கள் எந்த ஊரோ தெரியாது. நான் இந்த ஊர்தான். 1992 ஜூன் 20-ஆம் தேதி வனத்துறை, காவல்துறை, வருவாய்த்துறை ஆட்கள் சந்தனக்கட்டை தேடுகிறோம் என்று பக்கத்து மலைவாழ் மக்கள் ஊரான வாச்சாத்திக்குள் போனபோது எனக்குப் பதினான்கு வயசு. ஊரையே ஆலமரத்தடியில் கூட்டிவைத்து அடித்தார்கள். 18 பெண்களை ஏரிப்பக்கம் கொண்டுபோய் வன்புணர்வு செய்தார்கள். அன்று ராத்திரி பெண்களைக் கொண்டுவந்து வைத்திருந்தது இதே அரூரில், வனத்துறை அலுவலகத்தில். பிறகு 90 பெண்களையும் 28 குழந்தைகளையும் சிறைக்கு அனுப்பினார்கள். லாரி போனதை என் அப்பா பார்த்திருக்கிறார். ராத்திரி சாப்பிடும்போது அம்மாவிடம் தணிந்த குரலில் ஏதோ சொல்ல ஆரம்பித்தவர், எங்களைப் பார்த்ததும் நிறுத்திக்கொண்டார். அதற்கப்புறம் வீட்டில் அந்தப் பேச்சே இல்லை. நாலு பேர் சேர்ந்து அன்றைக்கே போய்க் கேட்டிருக்கலாமே என்று எனக்கு இன்றைக்கும் ஆறவில்லை.

மலைவாழ் மக்கள் சங்கமும் மார்க்சிஸ்ட் கட்சியும் விடாமல் இழுத்துக்கொண்டு போன வழக்கு அது. 269 பேர் மேல் சி.பி.ஐ. குற்றம் சாட்டியது. 2011 செப்டம்பர் 29-ஆம் தேதி தருமபுரி நீதிமன்றத்தில் தீர்ப்பு வந்தபோது 54 பேர் உயிரோடு இல்லை. மிச்சமிருந்த 215 பேரும் குற்றவாளிகள் என்று தீர்ப்பு, அதில் 84 பேர் உங்கள் துறை. வன்புணர்வுக்காகத் தண்டனை பெற்றவர்கள் 17 பேர்தான், மற்றவர்கள் கூடப் போய் மற்ற அட்டூழியங்களில் கை வைத்தவர்கள். அத்தனை பேருக்கும் மேலே ஒரு ஐயா இருந்தார். ஐயா சொன்னார் என்பது ஒருவரைக்கூடக் காப்பாற்றவில்லை. 2023-ல் உயர் நீதிமன்ற நீதிபதி வாச்சாத்திக்கே நேரில் போய்ப் பார்த்துவிட்டு, அந்த செப்டம்பரில் தண்டனையை உறுதி செய்தார். முப்பது வயசில் லாரியில் ஏறிப்போன ஒரு கான்ஸ்டபிள், பேரப்பிள்ளை எடுத்த பிறகு அதற்காக ஜெயிலுக்குப் போவது எப்படி இருக்கும் என்று யோசித்துப் பாருங்கள்.

இன்னொருவரைப் பற்றியும் சொல்ல வேண்டும். 2020 ஜூனில் சாத்தான்குளத்தில் அப்பாவையும் மகனையும் ஸ்டேஷனில் அடித்து இருவரும் இறந்தார்கள். உயர் நீதிமன்றம் சொல்லி மாஜிஸ்திரேட் விசாரிக்கப் போனபோது, அவரையே ஒருவர் மரியாதை இல்லாமல் பேசினார். சி.சி.டி.வி. பதிவு தினமும் தானாக அழிகிற மாதிரி வைத்திருந்தார்கள். அப்படிப்பட்ட இடத்தில் ஒரு பெண் தலைமைக் காவலர் வாய் திறந்தார். விடிய விடிய அடித்தார்கள், லத்தியிலும் மேசையிலும் ரத்தக்கறை இருக்கிறது என்று சொன்னார். வாக்குமூலத்தில் கையெழுத்துப் போட ரொம்பப் பயந்தார் என்று மாஜிஸ்திரேட்டே எழுதியிருக்கிறார். ஆனாலும் போட்டார். உங்கள் துறையை நினைக்கும்போது எனக்கு முதலில் ஞாபகம் வருவது அவர்தான்.

ரெக்கவரி என்றீர்களே, வேர் அங்கேதான் இருக்கிறது. போலீஸிடம் கொடுத்த ஒப்புதல் வாக்குமூலம் கோர்ட்டில் செல்லாது, 1872 சாட்சியச் சட்டத்திலிருந்தே அப்படித்தான். ஆனால் பிடிபட்டவன் சொன்னதை வைத்து ஒரு பொருள் கிடைத்தால், அந்த அளவுக்குச் செல்லும். லத்தி உள்ளே நுழைவது அந்தச் சந்து வழியாகத்தான், நகையைக் காட்டு, பைக்கைக் காட்டு என்று. 2025 ஜூனில் மடப்புரம் கோயில் காவலாளி செத்ததும் ஒரு நகைத் திருட்டுப் புகாரில்தானே? அவரை அடித்ததை ஒருவர் ஒளிந்து நின்று செல்போனில் எடுத்ததால் ஊருக்குத் தெரிந்தது.

இதை எங்கள் ஆட்களுக்கும் சேர்த்துச் சொல்கிறேன். பாத்ரூமில் வழுக்கி விழுந்து கை உடைந்தது என்று மாவுக்கட்டோடு ஒரு போட்டோ வரும், அதைச் சிரித்துக்கொண்டே வாட்ஸ்அப்பில் அனுப்புகிறோம். என் அண்ணன் மகனே அனுப்பினான், கூப்பிட்டுத் திட்டினேன். ரவுடிக்குத்தானே என்று இன்றைக்குக் கைதட்டினால், நாளைக்குச் சந்தேகத்தின் பேரில் கூட்டிக்கொண்டு போகிற செங்கல் சூளைப் பையனுக்கும் அதே பாத்ரூம்தான்.

புதிதாக ஒன்றும் கேட்கவில்லை. 1996-ல் டி.கே.பாசு வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னதுதான்: கைது செய்பவர் நெஞ்சில் பெயர் தெரியவேண்டும், நேரமும் தேதியும் போட்டுக் கைதுக் குறிப்பு எழுதி வீட்டு ஆளோ ஊர்ப் பெரியவரோ கையெழுத்துப் போடவேண்டும், 48 மணி நேரத்துக்கு ஒருமுறை டாக்டர் பார்க்கவேண்டும். 2020 டிசம்பரில் எல்லா ஸ்டேஷனிலும் கேமரா, குரலும் பதிவாகிற கேமரா, வைக்கச் சொன்னதும் அதே நீதிமன்றம். இவை ஐயாவுக்கும் மேலே இருந்து வந்த உத்தரவு. கணக்கில் காட்டாமல் ஒருவரை உட்கார வைத்திருந்தால், ரைட்டராக இருக்கிறவர் ஜி.டி.யில், அதாவது ஸ்டேஷன் பொது நாட்குறிப்பில், எழுதுங்கள். பாராவில் நிற்கிறவர் நேரத்தைக் குறித்து வையுங்கள். அடி ஆரம்பித்தால் உள்ளே போய், “ஐயா, போதும்யா” என்று ஒரு வார்த்தை சொல்லுங்கள்.

எளிதில்லை என்று தெரியும். உங்களுக்குச் சங்கம் இல்லை. வார ஓய்வுக்கு 2021-ல் அரசாணை போட்டார்கள், அது உங்களுக்கு ஒழுங்காகக் கிடைக்கவில்லை என்றால் அதற்கும் நாங்கள் ரோட்டில் உட்காரத் தயார், மனசாரச் சொல்கிறேன். போலீஸ் மேல் புகார் சொல்ல 2013 சட்டத்தில் வைத்த மாவட்ட ஆணையத்தில் எஸ்.பி.யே உறுப்பினர், அதை மாற்றச் சொல்லியும் மனுவில் எழுதியிருக்கிறோம். அது மாறுகிற வரைக்கும் அடிபடுகிறவனுக்குப் பக்கத்தில் நீங்கள்தான் இருக்கிறீர்கள்.

கிளம்பும்போது, வாச்சாத்தி இங்கிருந்து எவ்வளவு தூரம் என்று கேட்டீர்கள் தம்பி. பக்கம்தான். ஒரு நாள் லீவு கிடைத்தால் யூனிஃபார்ம் இல்லாமல் வாருங்கள், என் வண்டியிலேயே போகலாம். அங்கே எனக்குத் தெரிந்த அம்மா ஒருவர் இருக்கிறார், போனால் களி கிண்டிப் போடுவார். அவர் பேசினால் கேட்டுக்கொண்டு உட்காருங்கள். பேசாவிட்டால் சாப்பிட்டுவிட்டு வந்துவிடலாம்.