‘ஃப்ரெண்ட்ஸ் டூர்னு சொல்லு’

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். வெள்ளி இரவு கிளம்பி திங்கள் காலை ஆபீசுக்குத் திரும்பிவிடலாம் என்று, நண்பர்களோடு பாங்காக் போய்வர வழி சொன்ன உங்கள் பயணக் கட்டுரை உபயோகமானதுதான். 2023 நவம்பரில் தாய்லாந்து நமக்கு விசா விலக்கு தந்த பிறகு இப்படிக் கிளம்புகிறவர்கள் கூடியிருக்கிறார்கள். ஆனால் அதே விமானத்தில், அதே டீ-ஷர்ட்டும் முதுகுப்பையுமாக இன்னொரு கூட்டமும் ஏறுகிறது. இமிக்ரேஷனில் கேட்டால் ‘ஃப்ரெண்ட்ஸ் டூர்’ என்று சொல்லப் பழக்கி அனுப்பப்பட்டவர்கள் அவர்கள். வெளிநாட்டு வேலை மோசடியில் சிக்கியவர்களின் குடும்பங்களுக்கு மனு எழுதிக் கொடுப்பது எங்கள் வேலை என்பதால், கட்டுரையில் விடுபட்டதை எழுதுகிறோம்.

ஆள் கடத்தல் என்றதும் வாயைப் பொத்தி வேனில் தூக்கிப் போடுவதைத்தான் நினைக்கிறோம். இங்கே கடத்தப்படுகிறவர் சொந்தக் காலில் நடந்து, வீட்டாரிடம் சொல்லிக்கொண்டு, ஏர்போர்ட்டில் செல்ஃபி எடுத்துக்கொண்டு போகிறார். பொய் சொல்லியோ ஆசை காட்டியோ ஆள் சேர்த்துச் சுரண்டலுக்கு அனுப்பினாலும், ஐ.பி.சி.க்குப் பதிலாக வந்த பாரதிய நியாய சன்ஹிதாவின் 143-வது பிரிவில் அது ஆள் கடத்தல்தான். ‘அவன் இஷ்டப்பட்டுத்தானே போனான்’ என்ற பேச்சு அந்தப் பிரிவின் முன் நிற்காது.

டேட்டா என்ட்ரி, டிஜிட்டல் சேல்ஸ் என்று டெலிகிராமில் விளம்பரம் வரும். டிக்கெட், தங்குமிடம், சாப்பாடு எல்லாம் இலவசம். இன்டர்வியூவில் படிப்பைவிட டைப்பிங் வேகத்தைத்தான் துருவுவார்கள். முகம் தெரியாத பலரோடு ஒரே நேரத்தில் காதல் பேச்சு பேசி, போலி கிரிப்டோ முதலீட்டில் இறக்கிவிடுவதுதான் அங்கே வேலை. அதற்கு வேண்டியது வேகமான விரல்கள். வெளியுறவு அமைச்சகம் 2022 செப்டம்பரிலேயே எச்சரித்தது. அடுத்த மாதம் மியான்மரின் மியாவாடியிலிருந்து மீட்கப்பட்ட 13 தமிழர்கள் சென்னை வந்து இறங்கினார்கள். மியான்மரில் மட்டும் குறைந்தது 1,20,000 பேர் இப்படி மோசடிக் கும்பல்களின் காவல் போட்ட வளாகங்களில் அடைபட்டிருக்கலாம் என்று 2023-ல் ஐ.நா. மனித உரிமை அலுவலகம் கணக்குச் சொன்னது.

சிக்குகிறவர்களில் பட்டதாரிகள் நிறைய. வெளிநாட்டு வேலைக்குப் போகிறவர்களுக்கு அனுமதி தரும் மத்திய அரசு அதிகாரி குடிபெயர்வோர் பாதுகாவலர். பத்தாவது தேறியவரின் பாஸ்போர்ட்டுக்கு அவருடைய அனுமதி தேவையில்லை. ஆகவே வேலை ஒப்பந்தத்தை எந்த அதிகாரியும் பார்ப்பதில்லை. டூரிஸ்ட்டாகப் போகிறவரிடம் ஒப்பந்தமே இருக்காது. தாய்லாந்தில் வேலை என்றால் அதற்குரிய விசாவும் வேலை அனுமதியும் வேண்டும். சுற்றுலாவாக நுழைந்து வேலை செய்வது அங்கே குற்றம். எனவே ‘டூர்னு சொல்லு’ என்று ஏஜென்ட் சொல்கிற அந்த நிமிஷமே அது மோசடி என்று தெரிந்துவிட்டது. மற்ற அடையாளங்களில் சந்தேகம் இருக்கலாம், இதில் கிடையாது. கவுன்ட்டரில் நாலு கேள்வி கூடுதலாகக் கேட்கும் அதிகாரியை எல்லோரும் திட்டுகிறார்கள். உண்மையைச் சொல்லக் கிடைக்கும் கடைசி நல்ல இடம் அந்தக் கவுன்ட்டர்தான்.

நண்பனே ‘டிரிப் போலாம் மச்சி, டிக்கெட் கம்பெனி பார்த்துக்கும்’ என்று கூப்பிட்டாலும் சோதியுங்கள். உள்ளே மாட்டியவர்களை ஆள் பிடித்துத் தரச்சொல்லி நெருக்குவது அந்த வளாகங்களின் வழக்கம். மெசேஜ் அனுப்புவது அவன் விருப்பமாக இல்லாமலும் இருக்கலாம். திரும்பும் டிக்கெட்டின் பி.என்.ஆரை விமான நிறுவனத்தின் சொந்தத் தளத்தில் போட்டுப் பாருங்கள். ஏஜென்ட் அனுப்பும் பி.டி.எஃப்.பை நம்பாதீர்கள். பணம் கட்டாமல் பிடித்துவைத்த புக்கிங்குக்கும் பி.என்.ஆர். உண்டு, கெடு முடிந்தால் தானே ரத்தாகிவிடும். அதனால் கிளம்பும் நாள் காலையில் மறுபடியும் பார்க்க வேண்டும். ஓட்டலுக்கும் நேரடியாகப் பேசுங்கள். இலவசமாக ரத்து செய்யக்கூடிய அறையைக் காட்டி இமிக்ரேஷனைத் தாண்டவைத்து, பிறகு ரத்து செய்துவிடுவார்கள்.

இறங்கிய பின் மேப்பைத் திறந்து வையுங்கள். சுவர்ணபூமியிலிருந்து பாங்காக் நகரம் சுமார் 30 கி.மீ., பட்டாயா என்றால் தென்கிழக்கே இரண்டு மணி நேரம். வண்டி வடக்கே நகோன் சவான், தாக் என்று போனால் அது மியாவாடிக்கு எதிரே, மியான்மர் எல்லையோரம் இருக்கும் மே சோட்டுக்குப் போகும் சாலை, கிட்டத்தட்ட 500 கி.மீ. பெட்ரோல் பங்கிலோ சோதனைச் சாவடியிலோ இறங்கி 1155-ஐ, அதாவது அங்குள்ள சுற்றுலாப் போலீசை, அழையுங்கள். எல்லையாக ஓடும் மோய் ஆற்றைப் படகில் தாண்டிவிட்டால் பாஸ்போர்ட்டில் தாய்லாந்தை விட்டு வெளியேறிய முத்திரை இருக்காது, மியான்மரில் நுழைந்த முத்திரையும் இருக்காது. மீண்டு வந்தாலும் சட்டவிரோத நுழைவு, கெடு மீறிய ஒவ்வொரு நாளுக்கும் 500 பாத் அபராதம் என்று அது வேறு வழக்காகும்.

வீட்டில் இருக்க வேண்டியவை பாஸ்போர்ட்டின் முதல், கடைசிப் பக்க நகல், ஏஜென்ட்டின் எண், பணம் அனுப்பிய யு.பி.ஐ. பரிவர்த்தனை எண், உரையாடலின் ஸ்கிரீன்ஷாட். கடைசியாகச் சொன்னதை அன்றன்றைக்கே எடுக்க வேண்டும். டெலிகிராமில் ஏஜென்ட் அவர் பக்கம் அழித்தால் நம் பக்கமும் அழிந்துபோகும்படி செய்ய முடியும். பல மனுக்கள் ஆதாரமில்லாமல் இளைப்பது இங்கேதான். காவல் நிலையத்தில் ஏமாற்று வழக்கோடு நிறுத்திவிடப் பார்ப்பார்கள். புகாரிலேயே 143-வது பிரிவைக் குறிப்பிட்டுக் கேளுங்கள். அயலகத் தமிழர் நலத்துறையின் 1800 309 3793 எண்ணிலும், வெளியுறவு அமைச்சகத்தின் ‘மதத்’ தளத்திலும் அன்றே பதியுங்கள். விடுவிக்கப் பணம் கேட்டால் உடனே கட்டிவிடாதீர்கள். கட்டியும் விடாமல் அடுத்த வளாகத்துக்கு விற்கப்பட்டவர்கள் இருக்கிறார்கள்.

வெளிநாட்டு வேலைக்கு ஆளெடுக்கும் ஏஜென்ட், 1983-ஆம் ஆண்டுக் குடிபெயர்வுச் சட்டப்படி பதிவு பெற்றிருக்க வேண்டும். வெளியுறவு அமைச்சகத்தின் இ-மைக்ரேட் தளத்தில் பதிவு எண்ணைப் போட்டால் இரண்டு நிமிடத்தில் தெரிந்துவிடும். இதைச் சொல்லக் காரணம் உண்டு. அந்தப் பயணக் கட்டுரை வந்த அதே இதழில், சில பக்கங்கள் தள்ளி, ‘தாய்லாந்தில் டேட்டா என்ட்ரி, விசா வேண்டாம், உடனே புறப்படலாம்’ என்று வரிவிளம்பரம் ஒன்று வந்திருக்கிறது. அதில் ஒரு செல்பேசி எண் இருக்கிறது; பதிவு எண் இல்லை. அடுத்த இதழ் அச்சுக்குப் போகுமுன் உங்கள் விளம்பரப் பிரிவு அதைக் கேட்டு வாங்குமா?

இப்படிக்கு,
மனு எழுதிக் கொடுக்கும் வாசகர்கள் சிலர்,
திருச்சி