ரோஷ்ஃபோர்ட் பத்தை எப்படிக் குடிப்பது

லூவன்

அன்புள்ள தம்பிக்கு,

உன் வாட்ஸ்அப் செய்தி பார்த்தேன். "இருமல் மருந்து மாதிரி இருக்கும்மா" என்று எழுதியிருக்கிறாய். ஃப்ரிட்ஜிலிருந்து எடுத்த கையோடு, பாட்டிலிலேயே வாய் வைத்து, ஃபுட்பால் பார்த்துக்கொண்டே குடித்தால் ரோஷ்ஃபோர்ட் பத்து மாதிரி ஒரு பெல்ஜிய மடத்து பீர் வேறு எப்படி இருக்கும்? அம்மா பீர் பற்றிக் கடிதம் எழுதுகிறாள் என்று ஊரில் உன் பாட்டிக்குத் தெரிந்தால் என்ன ஆகும் என்பது தனிக்கதை. ஆனால் பாதியைச் சிங்க்கில் கொட்டிவிட்டேன் என்றாயே, அதைக் கேட்டபிறகு எழுதாமல் இருக்க முடியவில்லை.

லேபிளில் உள்ள 10 ஆல்கஹால் சதவீதம் இல்லை. புளிக்கும் முன் மால்ட் (முளைகட்டி உலர்த்திய பார்லி) கரைசல் எவ்வளவு அடர்த்தி என்று அளக்க பெல்ஜியத்தில் பழைய கணக்கு ஒன்று இருந்தது. ரோஷ்ஃபோர்ட் பீர்களின் பெயரில் வரும் 6, 8, 10 எல்லாம் அதிலிருந்து வந்த எண்கள். ஆல்கஹால் 11.3%. 330 மில்லி குட்டி பாட்டில்தானே என்று நினைக்காதே. அதே அளவு சாதாரண 5% பீர் இரண்டு பாட்டிலில் இருக்கும் ஆல்கஹாலைவிட இதில் அதிகம். ஒரு சாயங்காலத்துக்கு ஒன்றுக்கு மேல் கிடையாது.

வெளியே எடுத்து முக்கால் மணி நேரமாவது மேஜைமேல் வை. 12, 14 டிகிரிக்கு வரட்டும். பாட்டில் நின்றபடியே இருக்கட்டும், அடியில் ஈஸ்ட் மண்டி இருக்கிறது. கொஞ்சம் சர்க்கரையும் ஈஸ்ட்டும் சேர்த்துத்தான் மூடுகிறார்கள். உள்ளேயே மறுபடி புளித்து நுரை பிடிக்கிறது. வாய் அகன்ற கிளாஸைச் சாய்த்துப் பிடித்து, கை நடுங்காமல் ஒரே ஊற்றாக ஊற்று. மண்டி கழுத்துக்கு வரும்போது நிறுத்திவிடு. உன் அப்பா அதையும் சேர்த்து ஊற்றிக்கொள்வார். கசப்பும் வயிற்று உப்புசமும் அவர் பாடு.

குடிக்கும் முன் மோந்து பார். உலர்ந்த அத்தி, திராட்சை, பேரீச்சை, கொஞ்சம் சாக்லேட், கடைசியில் லேசாக மிளகு. இதில் எந்தப் பழமும் போடவில்லை. ஈஸ்ட் கொஞ்சம் வெதுவெதுப்பில் வேலை செய்யும்போது இந்தப் பழ வாசனையை அதுவே உண்டாக்குகிறது. கொத்தமல்லி விதை மட்டும் துளியூண்டு சேர்க்கிறார்கள். அதை மூக்கால் கண்டுபிடித்த ஆளை நான் இன்னும் பார்க்கவில்லை.

இப்போது ஒரு சின்ன வாய். உடனே விழுங்காதே. முதலில் இனிப்புத்தான் தெரியும், அதை நான் மறுக்கவில்லை. விழுங்கியபிறகு கவனி: நாக்கில் பிசுபிசுப்பு இருக்காது, நெஞ்சில் ஒரு சூடு மட்டும் நிற்கும். இதுதான் இந்த பீரின் சாமர்த்தியம். மால்ட்டை மட்டும் வைத்து இவ்வளவு வீரியம் ஏற்றினால் கனத்துப்போய்த் திகட்டும். அதனால் பீட் கிழங்குச் சர்க்கரையைச் சேர்க்கிறார்கள். ஈஸ்ட் அதை மிச்சம் வைக்காமல் தின்றுவிடுகிறது. ஆல்கஹால் ஏறுகிறது, கனம் குறைகிறது. சர்க்கரை போடுவதால் திகட்டல் குறைகிறது என்பது காபிக்கு மூன்று ஸ்பூன் போடுகிற நம் வீட்டில் யாருக்கும் எளிதில் ஏறாது. கிளாஸைக் கையில் வைத்துக்கொண்டு மெதுவாகக் குடி. சூடு ஏற ஏற அத்தி வாசனை முன்னுக்கு வரும், அடிக் கிளாஸ்தான் எனக்குப் பிடித்தது.

இதைக் காய்ச்சுகிற ரோஷ்ஃபோர்ட் மடத்தில் 1595 முதலே பீர் காய்ச்சிய வரலாறு உண்டு. ட்ராப்பிஸ்ட் என்பது இந்தக் கத்தோலிக்கத் துறவிகளின் சபை. பீருக்கு 'ட்ராப்பிஸ்ட்' முத்திரை வேண்டுமென்றால் மடத்து வளாகத்துக்குள், துறவிகளின் மேற்பார்வையில் காய்ச்ச வேண்டும். வருமானம் மடத்தின் பராமரிப்புக்கும் தர்மத்துக்கும் போக வேண்டும். ஆனால் பெல்ஜிய பீரின் வீரியத்தை எல்லாம் துறவிகள் கணக்கில் எழுதிவிடாதே. 1919-இல் வந்த சட்டம் ஒன்று கஃபேக்களில் ஜின் மாதிரியான சாராயம் விற்பதைத் தடுத்தது. கடையில் வாங்குவதென்றால் குறைந்தது இரண்டு லிட்டர் வாங்க வேண்டும். கூலிக்காரன் எங்கே போவான்? அந்த இடத்தை நிரப்பத்தான் பீர்க்காரர்கள் வீரியத்தைக் கூட்டினார்கள் என்று இங்கே சொல்வார்கள். எனக்கும் அது சரியாகவே படுகிறது. சட்டம் 1980-களில்தான் போனது.

மிச்சமிருக்கும் இன்னொரு பாட்டிலை இப்போது தொடாதே. வெளிச்சம் படாத அலமாரியில் நிறுத்தி வைத்தால் அடுத்த வருஷம் இன்னும் பதமாகியிருக்கும்.

டிசம்பரில் நீ வரும்போது வெஸ்ட்மாலே போகலாம், அதுவும் ஒரு ட்ராப்பிஸ்ட் மடம். அங்கே ட்ரிப்பெல் என்று ஒரு பீர், 9.5%, பொன்னிறம், பீருக்குக் கசப்பு தரும் ஹாப்ஸ் பூவின் கசப்பு நன்றாகத் தெரியும். இனிப்பு என்று நீ புகார் சொல்ல வழியில்லை. மடத்துக்கு எதிரே இருக்கும் கஃபேயில் மடத்துச் சீஸையும் வாங்கிக்கொள்ளலாம். ஆன்ட்வெர்ப் வரை ரயில், அங்கிருந்து பஸ். கார் கிடையாது என்று அப்பாவிடம் இப்போதே சொல்லிவிட்டேன்.

அன்புடன்,
அம்மா