வலைகளை அகற்ற 2028 வரை காத்திருக்க வேண்டாம்

ஆசிரியர் அவர்களுக்கு,

சிங்கப்பூரின் வடக்குக் கரையிலுள்ள மண்டாய் சதுப்புநிலக் காட்டையும் அதை ஒட்டிய சேற்றுநிலத்தையும் 2028க்குள் இயற்கைப் பூங்காவாக்கும் முடிவு மனநிறைவு தருகிறது. சைபீரியாவிலிருந்தெல்லாம் பறந்து வரும் கரைப்பறவைகள் அருகிலுள்ள சுங்கை பூலோ ஈரநிலக் காப்பகத்தில் ஓய்வெடுப்பது பலருக்கும் தெரியும். நீர் இறங்கும் நேரத்தில் அவை இரை தேடிப் போவது இந்த மண்டாய் சேற்றுக்குத்தான். ஒன்றைக் காப்பாற்றி மற்றதை விட்டால் பயனில்லை.

சரி, பூங்கா வரட்டும். அதுவரை கரையோரத்தில் கைவிடப்பட்டுக் கிடக்கும் வலைகளை என்ன செய்வது? சென்ற ஆண்டு கிராஞ்சி அணைக்குப் பக்கத்தில் மகளுடன் நடந்தபோது, நைலான் வலையில் ஒரு குதிரைலாட நண்டு சிக்கியிருந்தது. கவிழ்த்த கிண்ணம் போன்ற ஓடு. ஒவ்வொரு காலிலும் நூல் இறுகியிருந்தது. புரண்டால் நிமிர உதவும் வாலும் கண்ணிக்குள். கையிலிருந்த நகவெட்டியால் ஒவ்வொரு நூலாக அறுத்து விடுவிக்க அரை மணி நேரம் ஆயிற்று. டைனோசர்களுக்கும் முந்திய இனம், நாற்பது வெள்ளி விலையுள்ள ஒரு வலையில் சாவதைப் பார்க்கப் பொறுக்கவில்லை. அதே வலையில் ஏற்கெனவே இறந்துபோன இரண்டு கிடந்தன.

தேசியப் பூங்காக் கழகம் தொண்டூழியர்களுக்குப் பயிற்சி கொடுத்து, மாதம் ஒருமுறையாவது வடக்குக் கரையில் வலைகளை அகற்ற ஏற்பாடு செய்யலாம். மீன்பிடிக்க வருவோர் கூடும் இடங்களில், வலையைக் கண்டால் அழைக்க வேண்டிய எண்ணை நான்கு மொழிகளிலும் எழுதி வைக்கலாம். முதல் நாளே வர நானும் மகளும் தயார்.

— ஒரு வாசகர், உட்லண்ட்ஸ்