மூலை பலப்படாமல் தலைவாஸ் தலையெடுக்காது

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். புரோ கபடி 12ஆவது சீசனில் (2025) தமிழ் தலைவாஸ் அணி முதல் எட்டு இடங்களுக்குள்கூட வராமல் போனதற்கு, கேப்டன் பவன் செராவத் பாதியில் வெளியேறியதே காரணம் என்று தங்கள் விளையாட்டுப் பக்கத்தில் படித்தேன். திருவையாறு முதல் திருத்துறைப்பூண்டி வரை டீக்கடைப் பேச்சும் இதுதான். ஒழுங்கு நடவடிக்கை என்றது அணி, அவர் மறுத்தார். அந்த வழக்கை விட்டுவிடுவோம். பவன் கடைசிவரை ஆடியிருந்தாலும் இந்த அணி கோப்பையின் பக்கம் போயிருக்காது என்பதுதான் என் கருத்து. குறை ஏலத்திலேயே இருந்தது.

12ஆவது சீசனில் ஓர் அணிக்கு ஏலத்துக்கான மொத்த ஒதுக்கீடு 5 கோடி ரூபாயாக இருந்தது. அர்ஜுன் தேஷ்வாலுக்கு 1 கோடியே 40.5 லட்சம், பவனுக்கு 59.5 லட்சம். கூட்டினால் சரியாக 2 கோடி. இரண்டே ரெய்டர்களுக்கு, அதாவது பாடிப் போகிறவர்களுக்கு, நாற்பது சதவீதம் போய்விட்டது. 11ஆவது சீசனில் சச்சின் தன்வர் ஒருவருக்கே 2.15 கோடி. 2022இல் இதே பவனுக்கு 2.26 கோடி கொடுத்தார்கள், அவர் முதல் ஆட்டத்திலேயே முழங்கால் அடிபட்டு உட்கார்ந்தார். ஏலத்துக்கு ஏலம் அதே கை அதே பையில் போகிறது. மற்ற அணிகளும் இதில் பட்டிருக்கின்றன. 12ஆவது சீசனில் பெங்கால் தேவாங்க் தலாலை 2.205 கோடிக்கும், குஜராத் ஷாத்லூயியை 2.23 கோடிக்கும் எடுத்தன. இரண்டு அணிகளும் முதல் எட்டில் இல்லை. ஷாத்லூயி பிடி ஆட்டக்காரர் என்பதையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். ஒரே ஆளிடம் பணத்தைக் குவித்தால், அவர் பாடுகிறவராக இருந்தாலும் பிடிக்கிறவராக இருந்தாலும் பக்கத்தில் நிற்க ஆள் வாங்கக் காசு மிஞ்சாது.

கபடியில் பெரிய ரெய்டர் எவ்வளவு நேரம் களத்தில் இருப்பார் என்பது அவர் கையில் இல்லை. அவுட்டாகி வெளியே போனவருக்கு மாற்று ஆள் இறக்க முடியாது. சொந்த அணி ஒரு புள்ளி எடுத்தால்தான் ஒருவர் உள்ளே வரலாம், அதுவும் அவுட்டான வரிசைப்படி. ரெய்டர் போனஸ் கோட்டைத் தாண்டிக் கால் பதித்து எடுக்கும் போனஸ் புள்ளிக்கு யாரும் உள்ளே வர முடியாது. அர்ஜுன் அவுட்டாகிறார் என்று வையுங்கள். எதிரணி ரெய்டர் வருகிறார். அவரைப் பிடித்தால் அர்ஜுன் உடனே திரும்பலாம். பிடிக்காமல் இரண்டு பேரைத் தொடவிட்டால் களத்தில் நாலு பேர். அடுத்து இரண்டாம் நிலை ரெய்டர் போய் வெறுங்கையோடு வருவார், எதிரணி மறுபடி வந்து ஒருவரைத் தொடும். இப்படி மூன்று நிமிடம் நாலு நிமிடம் ஓடி, எல்லோரும் வெளியேறும் ஆல் அவுட்டில் முடியும், இரண்டு புள்ளி கூடுதலாகப் பறிபோகும். ஒன்றரைக் கோடி ரூபாய் ஆட்டக்காரர் அத்தனை நேரமும் பெஞ்சில். அவரை உள்ளே அழைத்து வருவது பிடிக்கிறவர்கள் வேலை. ரெய்டருக்குக் கொட்டும் பணத்துக்கு வட்டி வர வேண்டுமென்றால் மூலையிலும் (பிடிக்கிறவர்கள் வரிசையின் இரு ஓரம்) கவரிலும் (மூலைக்கு உள்பக்கம்) ஆள் இருக்க வேண்டும்.

மூலையில் ஒரு கை தேர்ந்தவர் இருக்கத்தான் செய்கிறார். வலது மூலை நிதேஷ் குமார், உத்தரப் பிரதேச அணிக்காக ஆறாவது சீசனில் 100 டேக்கிள் புள்ளி, அதாவது பிடிப் புள்ளி, எடுத்தவர். ஒரே சீசனில் நூறைத் தொட்ட முதல் ஆள் அவர்தான். ஆனால் மூலை ஒருவரால் ஆவதில்லை. ரெய்டர் போனஸுக்குக் காலை நீட்டிப் பதிக்கிறார். அந்தக் கால் பதியும் நேரம் பார்த்து மூலைக்காரர் கணுக்காலைப் பிடிக்கிறார். அதே நேரத்தில் கவர் குறுக்கே வந்து இடுப்பையோ தொடையையோ அடைக்க வேண்டும். கவர் அரை நொடி பிந்தினால் ரெய்டர் காலை உதறி, விழுந்தபடியே நடுக்கோட்டில் கை வைத்துவிடுவார். பிடித்தவரும் அவுட், பிந்தி வந்து மேலே விழுந்தவரும் அவுட். கவர் முந்திப் பாய்ந்தாலும் ஆபத்து, ரெய்டர் காலைப் பின்னிழுத்துக் கையால் தொட்டுவிட்டு ஓடுவார். இந்த ஒத்திசைவு பயிற்சியாளர் பலகையில் எழுதி வராது. அதே இருவர் சேர்ந்து ஒரு முழு சீசன் ஆடினால்தான் வரும்.

2022இல், 9ஆவது சீசனில், அது வந்தது. பவன் போன பிறகும் அந்த அணி முதன்முறையாக அரையிறுதிக்குப் போனது. நரேந்தர் அறிமுக சீசனிலேயே 243 ரெய்டு புள்ளி எடுத்ததை எல்லோரும் நினைவில் வைத்திருக்கிறோம். அவரைத் திரும்பத் திரும்ப உள்ளே கொண்டுவந்தது மூலைகளில் நின்ற சாகரும் சாஹில் குலியாவும், நடுவில் மோஹித்தும் அபிஷேக்கும். எலிமினேட்டரில் உத்தரப் பிரதேசத்தை டை-பிரேக்கரில் வென்று, அரையிறுதியில் புனேரியிடம் 39-37 என்று இரண்டே புள்ளியில் விட்டார்கள். அந்தக் கூட்டணியை வைத்துக் கட்டியிருக்க வேண்டும். ஒவ்வொருவராகக் கழன்றார்கள். நரேந்தரும் அந்த 243ஐ மறுபடி எட்டவில்லை. திறமை குறைந்துவிட்டது என்று எடுத்த எடுப்பில் சொல்லிவிடுகிறார்கள். முதல் சீசனில் எதிரணிகளிடம் அவர் ஆட்டத்தின் வீடியோ கிடையாது, இரண்டாவது சீசனில் எல்லோரிடமும் இருந்தது. பின்னால் இருந்த பிடியும் முன்போல் இல்லை.

பயிற்சியாளர் கதையும் இப்படித்தான். 9ஆவது சீசனின் இடையிலிருந்து 10 முடியும்வரை அஷன் குமார், 11இல் உதயகுமாரும் சேரலாதனும், 12இல் சஞ்சீவ் பாலியான். நாலு சீசனில் மூன்று விதமான பாடம். ஒருவர் ரெய்டர் உள்ளே வந்து திரும்பும்வரை காத்திருந்து பிடிக்கச் சொல்வார், அடுத்தவர் முன்னேறி அடிக்கச் சொல்வார். நடுவில் மாட்டுவது கவர் ஆட்டக்காரர்.

இரண்டாவது ரெய்டர் விஷயத்தை நினைத்தால்தான் வயிறு எரிகிறது. 2022இல் ஜெய்ப்பூர் கோப்பை வென்றபோது அர்ஜுன் தேஷ்வால் 296 ரெய்டு புள்ளி எடுத்தார், பயிற்சியாளர் இதே பாலியான். அந்த இருவரையும் தேடிப்பிடித்துக் கொண்டுவந்தார்கள், நல்லது. ஜெய்ப்பூரில் அர்ஜுனுக்குத் தோள் கொடுத்த ரெய்டர் யார்? வி. அஜித் குமார். ஏழாவது சீசனில் தமிழ் தலைவாஸில் அறிமுகமான நம்ம ஊர்ப் பையன். அவரைக் கையை விட்டுவிட்டு, பல வருடம் கழித்து அவர் தோழரைக் கோடி கொடுத்து வாங்குகிறோம். 12ஆவது சீசன் இறுதிப் போட்டியில் தபாங் டெல்லி புனேரியை 31-28 என்று வென்றதே, அதில் டெல்லியின் பெரிய பெயர் அஷு மாலிக். புள்ளிகளைச் சேர்த்தவர்கள் நீரஜ் நர்வாலும் அஜிங்க்யா பவாரும். அஜிங்க்யாவும் தலைவாஸில் இருந்தவர்தான். டெல்லியின் தடுப்பில் நின்ற சுர்ஜீத் சிங் எட்டாவது சீசனில் தலைவாஸின் கேப்டன். பாட்னாவைப் பாருங்கள்: 301 புள்ளி எடுத்த தேவாங்க்கை விட்டுக்கொடுத்தது. அவருக்குப் பக்கத்தில் ஆடிப் பழகிய இளைஞர் அயன் லோசப் அடுத்த சீசனில் ரெய்டு பட்டியலில் முதலிடம். பெஞ்சில் உட்கார்ந்திருப்பவரை வளர்ப்பதற்கு ஏலத்தில் கை தூக்க வேண்டியதில்லை.

மூன்றாவது ரெய்டு, அதாவது டூ ஆர் டை, பற்றியும் கொஞ்சம். தொடர்ந்து இரண்டு ரெய்டு வெறுமையாய்ப் போனால் மூன்றாவதில் புள்ளி எடுத்தே ஆக வேண்டும், எடுக்காவிட்டால் ரெய்டர் அவுட். தலைவாஸில் இந்த ரெய்டுக்கென்று ஓர் ஆள் இல்லை. பெரிய ரெய்டரையே அனுப்புகிறார்கள். எதிரணிக்கு வேண்டியதும் அதுதான், ஏழு பேரும் பின்வாங்கி இரண்டு ரெய்டைச் சும்மா விட்டுவிட்டு மூன்றாவதுக்குக் காத்திருப்பார்கள். இதற்கு வேறு வகை ஆள் வேண்டும். உயரம் தாண்டத் தெரியாவிட்டாலும் பரவாயில்லை, முப்பது வினாடியில் இருபது வினாடியைப் பொறுமையாகக் கழித்து, மூலையை நோக்கி ஒரு காலைத் தூண்டிலாகப் போட்டு, பாய்கிறவரைத் தொட்டுவிட்டு வருகிறவர் போதும். போனஸ் எடுத்தாலும் டூ ஆர் டை கழிந்துவிடும். ஆறு பேராவது எதிரே இருந்தால்தான் போனஸ் உண்டு என்பதால், எண்ணிப் பார்த்து உள்ளே போகிற நிதானமும் வேண்டும்.

புதிய புள்ளி முறை இந்தக் குறையைப் பெரிதாக்கியது. முன்பு ஏழு புள்ளிக்குள் தோற்றால் ஆறுதலாக ஒரு புள்ளி உண்டு. 12ஆவது சீசனில் வெற்றிக்கு 2, தோல்விக்குச் சைபர். டிரா கிடையாது, சமனானால் அணிக்கு ஐந்து ரெய்டு, அதிலும் சமனானால் கோல்டன் ரெய்டு. விசாகப்பட்டினத்தில் தெலுங்கு டைட்டன்ஸை 38-35 என்று வென்று தொடங்கிய அணி, அடுத்த ஆட்டத்தில் யு மும்பாவிடம் 36-33 என்று தோற்றது. பழைய கணக்கில் ஒரு புள்ளி வந்திருக்கும், புதிய கணக்கில் ஒன்றுமில்லை. ஆகவே கடைசி ஐந்து நிமிடத்தைத் தனியாகப் பயிற்சி செய்ய வேண்டும். மூன்று புள்ளி முன்னிலை இருந்தால் ரெய்டர் தாண்டியே ஆக வேண்டிய பாக் லைனைத் தாண்டிவிட்டு நேரத்தைக் கரைத்துத் திரும்பலாம். பிடிக்கிறவர்கள் முன்னேறிப் பாயக் கூடாது. தொடப்படுவதற்கு முன்பே பதற்றத்தில் லாபிக்குள் (களத்தின் பக்கவாட்டுப் பட்டை) கால் வைத்து இலவசமாக அவுட்டாகக் கூடாது. மூன்று பேர் மட்டும் மிஞ்சியிருந்தால் பயப்பட வேண்டியதில்லை, அப்போது பிடித்தால் சூப்பர் டேக்கிள், இரண்டு புள்ளி.

பிடிக்கிறவர்கள் எங்கே கிடைப்பார்கள் என்றால், நம் டெல்டாவில் கிடைப்பார்கள். கல்லணைப் பக்கத்துத் திருச்சனம்பூண்டிக்காரர் தர்மராஜ் சேரலாதன் மூலையில் நின்றே 2016இல் பாட்னாவுக்குக் கோப்பை வாங்கிக் கொடுத்த கேப்டன், அதே ஆண்டு உலகக் கோப்பை வென்ற இந்திய அணியிலும் இருந்தார். ஆட்டக்காரராக அவர் ஒருநாளும் தலைவாஸ் சட்டை போடவில்லை. 2025இல் பஹ்ரைனில் ஆசிய இளையோர் விளையாட்டில் தங்கம் வென்ற இந்திய அணியின் அபினேஷ் மோகன்தாஸ் மன்னார்குடி பக்கத்து வடுவூர். புனேரியின் கவரில் பெயர் வாங்கிய அபினேஷ் நடராஜனும் தமிழ்நாட்டவரே. தமிழன் என்பதற்காக எடு என்று கேட்கவில்லை. அப்படி ஒதுக்கீடு கேட்பது அந்தப் பிள்ளைகளுக்கே அவமானம். கோயில் திருவிழா, பொங்கல் என்று ராத்திரி முழுக்க விளக்குப் போட்டு நடக்கும் ஆட்டங்களில் மூலைக்கு என்றே வளர்ந்த பையன்கள் இருக்கிறார்கள், வந்து பார் என்றுதான் கேட்கிறேன்.

வருகிறவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். மண்ணில் ஆடுகிறவர் வெறுங்காலில் சறுக்கிக்கொண்டே போய்க் கணுக்காலைப் பிடிப்பார். மேட் விரிப்பில் ஷூ பிடித்துக்கொள்ளும், உடம்பு திரும்பினாலும் பாதம் திரும்பாது, முழங்கால் முறுக்கிக்கொள்ளும். அதனால் முதல் சில மாதம் நல்ல மண் ஆட்டக்காரர்கூட மேட் விரிப்பில் மந்தமாகத் தெரிவார். ஒருநாள் தேர்வில் அவரைக் கழித்துவிட்டுப் போவது அவசரம். இங்கே மேட் வசதியும் குறைவு. 13க்கு 10 மீட்டர் களத்துக்கு ஒரு மீட்டர் சதுரத் துண்டுகள் 130 வேண்டும், ஓரத்துக்கு இன்னும் வேண்டும். ஐப்பசி கார்த்திகையில் மழை பிடித்தால் மண் களம் சேறாகிவிடும், கூரை இல்லாத ஊரில் பயிற்சி அதோடு நின்றுவிடும். வடுவூரில் உள்விளையாட்டு அரங்கம் இருக்கிறது. அணி நிர்வாகம் மாவட்டத்துக்கு ஒரு மேட் போட்டுத் தந்து, அங்கேயே மூன்று மாதம் இளைஞர்களைப் பார்த்தால், ஒரு நட்சத்திர ரெய்டரின் ஏல விலையில் சிறு பங்குதான் செலவாகும்.

அடுத்த ஏலத்துக்கு என் கணக்கு இது. அர்ஜுனை வைத்துக்கொள்ளலாம், ஆனால் ஒரு கோடிக்குள். நிதேஷை விடவே கூடாது. அவருக்கு எதிர் மூலைக்கு நல்ல விலை கொடுத்து இடது மூலைக்காரர் ஒருவர், கவர் இருவர், மூவரையும் குறைந்தது இரண்டு சீசனுக்கு ஒப்பந்தம் செய்ய வேண்டும். டூ ஆர் டைக்கு ஒரு ரெய்டர், இருபது லட்சத்துக்குள் ஆள் கிடைப்பார். பாலியானோ வேறு யாரோ, பயிற்சியாளரை இடையில் மாற்றக் கூடாது. இதெல்லாம் செய்தும் தோற்றால் அடுத்த கடிதத்தில் வேறு காரணம் எழுதுகிறேன்.

இப்படிக்கு,
ஒரு கபடி ரசிகர்,
மன்னார்குடி